முதலாளி குடிக்காத தீர்த்தம்

கதவைத் திறந்ததும் கஸ்தூரிக்கு வாசனைதான் முதலில் தட்டுப்பட்டது. முளைவிட்ட பயறுக்கென்று ஒரு பச்சை வாசனை உண்டு. தட்டைக்காயைக் கிள்ளி மூக்கருகில் வைத்தால் வருமே, அது. இன்றைக்கு அது இல்லை. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டதுபோல ஒரு நாற்றம் அறைக்குள் நின்றது.

விளக்கை ஏற்றி உயர்த்திப் பிடித்தாள். சுவரோரம் வரிசையாக ஊரின் முளைப்பாரிகள். பங்குனிப் பொங்கலுக்கு நொச்சியூரணியில் வீட்டுக்கு ஒரு பாரி. மண்சட்டியில் கரம்பை மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் போட்டு, பயறு விதைத்து, எல்லாச் சட்டியையும் ஒரே வீட்டில் இருட்டறையில் வைத்துவிடுவார்கள். அந்த வீட்டுக்காரிதான் பொங்கல்வரை காவல், தண்ணீர், விரதம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. இந்த வருஷம் சாமி சீட்டில் கஸ்தூரி வீடு விழுந்திருந்தது.

முளை வந்திருந்தது. ஆனால் வந்த இடத்திலேயே தலை கவிழ்ந்து நின்றது. நுனியெல்லாம் தீக்குச்சி வைத்துப் பொசுக்கியதுபோலப் பழுப்பு. ஒரு சட்டி இரண்டு சட்டி அல்ல, எல்லாமே.

கும்மிப்பாட்டு எடுத்துக் கொடுக்கும் ஜக்கம்மாள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கஸ்தூரிக்கு அத்தை முறை. பின்னாலேயே முத்துத்தாய், பக்கத்து வீட்டுக்காரி, மதினி முறை. முத்துத்தாய் எட்டிப் பார்த்தாள், வாயில் கையை வைத்தாள், கையை எடுத்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஆத்தாடி, அம்மா கண்ணு தெறந்துட்டா. ஏ கஸ்தூரி, எதையும் மறைக்காமச் சொல்லிரு. ஒம் புருசன் வீட்டுக்குள்ள வந்தானா?"

"வாசப்படி தாண்டல மதினி. கோயில் மண்டபத்துலதான் படுக்காக. ஒங்க வீட்டு அண்ணனும் அங்கதான படுக்காரு? கேட்டுப் பாருங்க."

"எங்க வீட்டு ஆளு பாய்ல விழுந்தா பக்கத்துல கெடக்குறது ஆளா ஆடான்னு தெரியாது. அவரு சாட்சி எதுக்கு ஆகும்?"

ஜக்கம்மாள் சிரிக்கவில்லை. "கறி கவுச்சி?"

"இல்லத்தை."

"முட்டை?"

"இல்லத்தை. கருவாட்டுச் சட்டியக்கூடக் கழுவி மாட்டுக் கொட்டத்துல கவுத்திட்டேன்."

"தண்ணி?"

"அம்மன் கெணத்துத் தண்ணிதான். வேற தண்ணி தொடல."

ஜக்கம்மாள் ஒரு சட்டியைத் தொடாமல் அதன்மேல் கையை நீட்டிக் கொஞ்சநேரம் வைத்திருந்தாள், சூடு பார்ப்பதுபோல. "எல்லாம் சரியா இருந்தா இது எதுக்கு இப்பிடிப் போகுது?" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

கஸ்தூரிக்கு அது புரிந்தது. பாரி கருகினால் ஊருக்கு ஆகாது. ஊருக்கு ஆகாததற்கு ஒரு ஆள் வேண்டும். மழை தவறினால், மாடு செத்தால், கல்யாணம் தட்டிப்போனால், இனி வருஷம் முழுக்க இந்த வாசலைப் பார்த்துத்தான் பேச்சு வரும். பக்கத்து ஊரில் அப்படியொரு பெண் இருந்தாள். பாரி கெட்ட வருஷத்துக்குப் பிறகு அவளை ஒரு சடங்குக்கும் கூப்பிடவில்லை. அவள் பெண்ணுக்கு உள்ளூரில் மாப்பிள்ளையும் கிடைக்கவில்லை. கஸ்தூரிக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அருப்புக்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள்.

எல்லோரும் போனபிறகு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அம்மன் கிணற்றுக்குப் போனாள். தண்ணீரை இறைத்துக் குடத்தில் ஊற்றியபோது நுரை வந்தது. இதற்கு முன்னும் வந்திருக்கும். அவள்தான் பார்க்கவில்லை. அந்தக் கிணற்றை யாரும் பார்ப்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் திருமேனி முதலாளி ஊருக்குச் சுத்திகரிப்பு மிசின் போட்டுக் கொடுத்துவிட்டார். கார்டைச் செருகினால் குடம் நிறைய இனிப்புத் தண்ணீர். குடிக்க, சமைக்க எல்லாம் மிசின் தண்ணீர்தான். குளிக்கத் துவைக்க பஞ்சாயத்துக் குழாய். அம்மன் காரியத்துக்கு மட்டும் பழைய கிணறு. அதனால் வருஷத்துக்கு ஒரு வாரம்தான் அதில் வாளி விழும்.

கஸ்தூரி ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு. உப்புக்குப் பின்னால் நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிற வேறொன்று. துப்பினாள். அம்மன் தண்ணீரைத் துப்பிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு இன்னொரு தடவை துப்பினாள்.

வீட்டுக்கு வந்து பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி எடுத்தாள். அதே கரம்பை மண், அதே புழுக்கை, மிச்சமிருந்த அதே பயறு. பாரி அறையிலேயே குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அதற்கு மட்டும் மிசின் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மன் அறையில் மிசின் தண்ணீர் ஊற்றியதை முத்துத்தாய் பார்த்தால் போதும். இப்போது சந்தேகமாக இருப்பது குற்றமாகவே ஆகிவிடும்.

*

மாரீஸ்வரன் மத்தியானம் டேங்கர் லாரியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தான். விரதம் என்பதால் உள்ளே வரவில்லை. தட்டை வாசலில் நீட்டினாள். உட்கார்ந்து சாப்பிட்டான்.

அவன் திருமேனி முதலாளியின் சாயப்பட்டறையில் டேங்கர் ஓட்டுகிறான். நூலுக்குச் சாயமேற்றிய கழிவுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பந்தல்குடி தாண்டித் தூத்துக்குடி ரோட்டில் எங்கோ இருக்கும் சுத்திகரிப்பு ஆலையில் இறக்குவதாகச் சொல்வான். "எங்கோ" என்பதற்கு மேல் அவள் கேட்டதில்லை. முன்பெல்லாம் விடியற்காலையில் போவான். பொங்கல் சாட்டி, கோயில் மண்டபத்தில் ஆட்கள் படுக்கத் தொடங்கியதிலிருந்து பகலில்தான் லோடு.

"பாரி கருகிருச்சாமே" என்றான், தட்டைப் பார்த்தபடி.

"அதுக்குள்ள தெரிஞ்சிருச்சா?"

"டீக்கடையில பேசிக்கிட்டாக."

"என்ன பேசிக்கிட்டாக?"

"என்னமோ பேசுவாக." வேகமாகச் சாப்பிட்டான். "அம்மனுக்கு வேற பாரி வாங்கி வச்சிருவோம். முதலாளிகிட்டச் சொன்னா மதுரையில இருந்தே எறக்கிருவாரு."

அவள் அவன் தலைக்கு மேலாக லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சக்கரத்தின் இடுக்கில் கரிசல் மண் அப்பியிருந்தது. காய்ந்த மண்ணல்ல. கறுத்து, பளபளத்து, இன்னும் ஈரம் சொட்டுகிற மண். தை பிறந்ததிலிருந்து இந்தச் சீமையில் ஒரு தூறல் இல்லை. பந்தல்குடிக்குப் போகும் வழி முழுக்கத் தார் ரோடு.

"எந்த வழியா வந்தீக?"

"எந்த வழியா வருவாக? ரோட்டு வழியாத்தான்."

"ரோட்டுல சகதியா?"

அவன் திரும்பிச் சக்கரத்தைப் பார்த்தான். "பட்டறையில தண்ணி கழுவி விட்டிருப்பாக" என்றான். பட்டறை தளம் முழுக்கச் சிமெண்ட் என்று அவனே பெருமையாகச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அவன் கை கழுவி எழுந்தபோது சட்டையிலிருந்து ஆசிட் நெடி வந்தது. அது எப்போதும் வருவதுதான். இன்றைக்கு அந்த நெடியில் பாரி அறையின் வாசனையும் கொஞ்சம் இருந்ததுபோலப் பட்டது. மனசு ஒன்றைத் தேட ஆரம்பித்தால் எல்லாவற்றிலும் அதுதான் மணக்கும் என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டாள். ஆனாலும் அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். ரோட்டு முனையில் அருப்புக்கோட்டைப் பக்கம்தான் திரும்பினான். அங்கேயும் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

மூன்றாம் நாள் குதிருக்குப் பின்னால் இருந்த வாளியில் முளை வந்தது. அடுத்த நாள் விரல் நீளம். வெளிறிய மஞ்சளில், நெருக்கமாக, ஒரு தலைகூடக் கவிழாமல்.

*

பூவும் மஞ்சளும் வாங்கத் திருச்சுழிக்குப் போன அன்று, மகளிர் உரிமைத் தொகை விஷயத்தையும் கேட்டுவிட்டு வரலாமென்று இ-சேவை மையத்துக்குப் போனாள். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மாதம் ஆயிரம் வருகிறது. அவளுக்கு வரவில்லை. மேல்முறையீடும் தள்ளுபடி.

மையத்தை நடத்தும் தஸ்லீமா வீரசோழன் ஊர்க்காரி. புருஷன் சவுதியில். கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"பத்து ஏக்கருக்கு மேல புஞ்சை இருந்தாக் கெடையாதுக்கா. பணக்காரி நீங்க, ஆயிரம் ரூவாய்க்கு எதுக்கு அலையுறீக?"

"எனக்கு ஏதும்மா புஞ்சை? மாமனாரு விட்டுட்டுப் போனது ஒண்ணரை ஏக்கர். அதுவும் பங்காளி பேர்ல கெடக்கு."

"ஒங்க பேர்ல பதினாலு ஏக்கர் காட்டுதே. நொச்சியூரணிதான?" சர்வே எண்ணைப் படித்தாள். கஸ்தூரிக்கு எண் புரியவில்லை. தஸ்லீமா படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். "இந்தா இதுதான் ஊரணி. இது கோயில். கோயிலுக்கு மேக்க மேட்டுல பெருசாக் கட்டம் கட்டியிருக்குல்ல, அது பூரா ஒங்களுது."

கோயிலுக்கு மேற்கே மேட்டில் இருப்பது பண்ணைக்காடு. சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் காம்பவுண்டு சுவர் வைத்து, இரும்புக் கேட் போட்டு, காவலுக்கு இருளப்பசாமியை உட்கார வைத்திருக்கிறார் திருமேனி முதலாளி. மாந்தோப்பு வரப்போகிறது என்று ஊரே சொல்லும். பண்ணைக்காட்டிலிருந்து சரிந்து இறங்கினால் அம்மன் கிணறு.

"அது முதலாளி நெலம்மா. தப்பா ஏறியிருக்கும்."

"தப்பால்லாம் ஏறாதுக்கா. கெரயம் முடிச்சு, கைரேகை வச்சு, போட்டோ எடுத்துத்தான் ஏறும். நல்லா யோசிச்சுப் பாருங்க, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எப்பவாச்சும் போனீகளா?"

போயிருந்தாள். முதலாளியிடம் வேலை பார்க்கிறவர்களின் பெண்சாதிகள் எல்லோரையும் வேனில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். முதலாளி வீட்டுக் கிரயம், சாட்சி போட நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றான் மாரீஸ்வரன். நம்பிக்கையான ஆள் என்றதில் அவளுக்குப் பெருமைகூட. கட்டை விரலை அந்தச் சின்ன மிசினில் அழுத்தினாள், கேமராவைப் பார்த்தாள், சொன்ன இடத்திலெல்லாம் பேரை எழுதினாள். திரும்பும்போது எல்லோருக்கும் பட்டுச்சேலையும் பிரியாணியும். அந்தச் சேலையைத்தான் இந்தப் பொங்கலுக்குக் கட்டலாமென்று எடுத்து வைத்திருந்தாள்.

தஸ்லீமா குரலைத் தாழ்த்தினாள். "போன கார்த்தியல்ல அவுக வீட்டுல ரெய்டு வந்துச்சுல்ல? மில்லு, பட்டறை, காலேஜுன்னு எல்லாத்தையும் தோண்டுனாக, ஒண்ணும் சிக்கலேன்னு பேப்பர்ல போட்டிருந்தான். இப்பத்தான தெரியுது, எப்பிடிச் சிக்கும்? கணக்குல வராத பணத்த எல்லாம் இப்பிடி ஒங்கள மாதிரி ஆளுக பேர்ல புதைச்சு வச்சா?"

"எம் பேர்ல இருந்தா எனக்கு என்னம்மா ஆகும்?"

"நல்லது வந்தா அவுகளுக்கு. கேஸு வந்தா பட்டா யாரு பேர்ல இருக்கோ அவுக வீட்டுக்குத்தான்க்கா போலீசு வரும்."

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் மல்லிகைப்பூ வாடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கருவேலங்காடு ஓடிக்கொண்டே இருந்தது. ஈரக் கரிசல், மேட்டுநிலம், சரிவில் கிணறு. ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தன.

*

"தெரியும்" என்றான் மாரீஸ்வரன். மண்டபத்துக்குப் பின்னால், ஆள் இல்லாத இடத்தில் நிறுத்திக் கேட்டபோது. "நெலம் ஒம் பேர்ல இருக்குறது தெரியும். முதலாளி கேட்டாரு. மாட்டேன்னா மறுநா வேலை இருக்குமா?"

"எங்கிட்டச் சாட்சின்னு சொன்னீக."

"சொத்துன்னு சொன்னா நீ வந்திருப்பியா?"

"அங்கதான எறக்குறீக, லோடு?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "ஆழ்துளையில விட்டா ஆயிரம் அடிக்குக் கீழ போயிரும்னாக. மேல வராதுன்னு இஞ்சினியரே சொன்னாரு" என்றான்.

"அதுக்கு என்ன குடுத்தாக?"

"ஒண்ணும் குடுக்கல."

"அப்ப அந்தப் புது பைக்கு?"

"அது டியூல எடுத்தது, கஸ்தூரி."

டியூ கட்டி அவள் பார்த்ததில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷமாகப் பார்க்கிற முகம். பொய் சொல்லும்போது இடது கண் சிமிட்டும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது இரண்டு கண்ணும் சிமிட்டாமல் இருந்தன. அது எதற்கு அடையாளம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"யார்ட்டயும் சொல்லிராத" என்றான். "சொன்னா முதல்ல உள்ள போறது நீதான். முதலாளி இல்ல, நானும் இல்ல. நெனச்சுப் பாத்துக்க."

பயந்து சொன்னானா, பயமுறுத்தினானா? யோசித்துக்கொண்டே நடந்தவள் வீட்டையும் தாண்டிப் போய்விட்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலையில் கோபுரத்துக்குக் கலசம் வைக்கும் வேலையைப் பார்க்கத் திருமேனி முதலாளி வந்தார். ரெய்டு நடந்த மறுவாரமே அறிவித்த கலசம். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, வெறுங்கால். காரைக் கோயிலுக்குத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வருவார். அதற்கே ஊர் உருகும். பூசாரி கற்பூரம் காட்டினார். பிறகு அம்மன் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தீர்த்தம். செம்பை எடுத்துக்கொண்டு வரிசையாக ஊற்றினார். ஜக்கம்மாள் குடித்தாள். முத்துத்தாய் குடித்துவிட்டு ஈரக் கையைத் தலையில் துடைத்தாள். கசந்தால் வேப்பிலை என்று நினைத்துக்கொள்வார்கள். கஸ்தூரியும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

முதலாளி இரண்டு கையையும் குவித்து வாங்கினார். கண்ணில் ஒற்றினார். பிறகு மொத்தத்தையும் தலையில் தெளித்துக்கொண்டார். ஒரு சொட்டு உதட்டுக்குப் போகவில்லை.

கஸ்தூரி அதைப் பார்த்தாள். பார்த்த பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை.

"பாரி விசயம் கேள்விப்பட்டேன்" என்றார் முதலாளி, பெண்கள் பக்கம் திரும்பி. குரலில் கோபமே இல்லை. "யாரையும் குத்தம் சொல்லாதீக. பொம்பளைக, வீட்டுல ஆயிரம் சோலி, ஒரு சுத்தம் முன்னப்பின்ன ஆகியிருக்கலாம். ஒரு பரிகாரம் செஞ்சிருவோம். மதுரையில இருந்து நல்ல பாரியா இன்னைக்கே வரச் சொல்லிட்டேன். கருகுனத யாரும் கண்ணுல பாக்காம கொண்டுபோயி எறிஞ்சிருங்க."

எல்லாத் தலையும் கஸ்தூரியைப் பார்த்துத் திரும்பின. யாரையும் குற்றம் சொல்லாத பேச்சு அவளை மட்டும் நேராகச் சுட்டிக்காட்டி நின்றது.

அவள் பூசாரியின் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அய்யா, தீர்த்தம் குடிக்கலையே."

"வாங்கினேனே தாயி."

"தலையில தெளிச்சீக. குடிக்கல. இந்தாங்க, ஒரு மடக்கு."

முதலாளி சிரித்தார். "சுகர் மாத்திரை போட்டிருக்கேன். வெறுவயித்துல ஒத்துக்காது."

"தண்ணியா ஒத்துக்காது?" என்றாள் ஜக்கம்மாள், சும்மா கேட்பதுபோல.

"ஏ கஸ்தூரி, முதலாளிகிட்ட என்ன பேச்சுப் பேசுற" என்று ஒரு ஆண் குரல் வந்தது. யார் என்று அவள் பார்க்கவில்லை. செம்பைப் படியில் வைத்துவிட்டு, கோயில் தெருவிலேயே இருக்கும் தன் வீட்டுக்குள் போனாள். ஒரு கையில் கருகிய சட்டி, இன்னொரு கையில் பெயிண்ட் வாளியோடு வந்தாள். இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரே பயறு. ஒரே மண்ணு. ஒரே அறை. சுத்தம் கெட்டிருந்தா ரெண்டும் கெட்டிருக்கணும். இது அம்மன் கெணத்துத் தண்ணி. இது மிசின் தண்ணி."

முதலில் வெடித்தது முத்துத்தாய்தான். "அடிப்பாவி! அம்மன் அறையில மிசின் தண்ணியா ஊத்துன? அதான் எங்க பாரி எல்லாம் கருகிப் போச்சு!"

"கருகுன பெறகுதான் மதினி ஊத்தினேன். நீங்கதான் மொத நாளே வந்து பாத்தீகளே."

"அது... பாத்தேன்தான். ஆனா..."

ஜக்கம்மாள் குனிந்து வாளிக்குள் கையை விட்டு முளைகளை நீவினாள். பிறகு படியில் இருந்த செம்பை எடுத்துத் தண்ணீரை முகர்ந்தாள். இந்தத் தடவை வேப்பிலையைத் தள்ளிவிட்டு முகர்ந்தாள். நிமிர்ந்து முதலாளி நின்ற பக்கம் பார்த்தாள். முதலாளி அதற்குள் காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். வெறுங்காலோடு வந்தவர் இப்போது வேகமாகப் போனார்.

"பண்ணைக்காட்டுக்குப் போவோம்த்தை" என்றாள் கஸ்தூரி. "கெணத்துக்கு எங்கேருந்து வருதுன்னு காட்டுறேன்."

எல்லோரும் வரவில்லை. ஆண்கள் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். பாதிப் பெண்கள்தான் நடந்தார்கள். முத்துத்தாயும் வந்தாள். "பொய்யின்னு தெரிஞ்சா அங்கனயே வச்சு நாலு கேக்கணும்ல" என்று பக்கத்தில் வந்தவளிடம் சொல்லிக்கொண்டாள்.

இருளப்பசாமி கேட்டுக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டான். "முதலாளி சொல்லாமத் தெறக்க மாட்டேன்."

"எந்த முதலாளி?"

"என்ன மதினி தெரியாத மாதிரி கேக்குறீக?"

"இது எம் பூமி, இருளப்பா. பட்டா எம் பேர்ல இருக்கு. நம்பலேன்னா அவருக்குப் போன் போடு. இந்த நெலம் யாரோடதுன்னு அவரு வாயால சொல்லச் சொல்லு. நாங்களும் கேக்குறோம், சத்தமா வையி."

பெண்கள் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்கள். வேனில் அவளோடு வந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பட்டுச்சேலை கிடைத்திருந்தது. ஒருத்தி போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

இருளப்பசாமி போன் போட்டான். மணி அடித்தது. முதலாளி எடுத்தார்.

"அய்யா, மாரீஸ்வரன் பொண்டாட்டி வந்து இது தன் நெலம்ங்குது. ஊர்ப் பொம்பளைகளும் நிக்கிறாக, போன்ல படம் புடிக்கிறாக. நெலம் யாரோடதுன்னு சொல்லிருங்கய்யா, வெரட்டிவிட்டுருதேன்."

மறுமுனையில் மூச்சு கேட்டது. கார் ஓடும் சத்தம் கேட்டது. என்னுடையது என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போன கார்த்திகையில் அதிகாரிகள் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அய்யா?"

தொடர்பு அறுந்தது. இருளப்பசாமி போனை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான். பிறகு நாற்காலியை நகர்த்திவிட்டுச் சாவியை எடுத்தான்.

உள்ளே ஒரு மாங்கன்றுகூட இல்லை. சுவரோரம் கருவேலம், நடுவில் வெட்டவெளி. நிலம் ஈரமாக மினுங்கியது. சில இடத்தில் ஊதா, சில இடத்தில் செங்கல் நிறம், ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. மோட்டார் இல்லாத ஆழ்துளைக் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதன்மேல் டேங்கர் குழாயைச் செருகும் தகரப் புனல். ஒரு காக்கை கத்தக்கூட இல்லை. முத்துத்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இதையா நாம தீர்த்தம்னு குடிச்சோம்" என்றாள்.

ஜக்கம்மாள் படம் பிடித்தவளிடம் தாலுகா ஆபீசுக்குப் பேசச் சொன்னாள். பேசினாள். அந்த நேரத்தில்தான் மேட்டுப் பாதையில் லாரிச் சத்தம் கேட்டது.

மாரீஸ்வரன் வழக்கமான லோடோடு வந்தான். கேட் திறந்திருப்பதைப் பார்த்து வேகத்தைக் குறைக்காமல் திருப்பினான். நடுவில் கஸ்தூரி நின்றாள். பிரேக்கில் லாரி ஒரு தடவை முன்னும் பின்னும் ஆடியது. தண்ணீர் மோதும் சத்தம் தொட்டிக்குள் கேட்டது.

"தள்ளு கஸ்தூரி."

"எறக்காதீக."

"கிறுக்குப் புடிச்சிருக்கா? அதிகாரி வந்தா ஒன்னையத்தான் கேப்பாக."

"கேக்கட்டும். எம் பூமியில எறக்கக்கூடாதுன்னு நான் சொல்றேன்."

அவனுடைய போன் டேஷ்போர்டில் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அவளைப் பார்த்தான், போனைப் பார்த்தான், பின்னால் நிற்கும் பெண்களைப் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். இறங்கவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்தார். திருச்சுழியிலிருந்து ஜீப் வர வெயில் சாய்ந்துவிட்டது. வந்த அதிகாரி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஆழ்துளையைப் பார்த்தார், டேங்கரைச் சுற்றி வந்தார், ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். பிறகு முதல் கேள்வியைக் கேட்டார்.

"நெலம் யாருது?"

இருளப்பசாமி தரையைப் பார்த்தான். இந்தச் சுவரை யார் கட்டினார், இந்தக் கேட்டை யார் போட்டார், எல்லோருக்கும் தெரியும். அதிகாரிக்கும் தெரியுமா என்று கஸ்தூரிக்குச் சந்தேகமாக இருந்தது. ஏற்கெனவே பதில் தெரிந்துகொண்டு கேட்பவர்போல அவர் பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார்.

வேனில் வந்த இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பேரில் எந்த மேட்டில் என்ன இருக்கிறதோ.

"என்னோடது" என்றாள் கஸ்தூரி. "கஸ்தூரி, மாரீஸ்வரன் சம்சாரம், நொச்சியூரணி. எழுதிக்கங்க. எப்பிடி எம் பேருக்கு வந்துச்சுன்னும் சேத்து எழுதிக்கங்க. சொல்றேன்."

அதிகாரியின் பேனா முதல் பாதியை மட்டும் எழுதியது. கஸ்தூரி நகராமல் நின்றாள். "மீதியும் எழுதுங்க சார்" என்று ஜக்கம்மாள் பின்னாலிருந்து சொன்னாள். முத்துத்தாய் ஒரு அடி முன்னால் வந்து அவர் எழுதுவதை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் எழுதினார்.

லாரிக்குள் போன் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது. மாரீஸ்வரன் அதைக் கையில் எடுத்து வைத்திருந்தான். அவன் எஞ்சினை அணைத்தது அவள் சொன்னதற்காகவா, இல்லை, முதலாளி என்ன சொல்வாரோ என்று காத்திருந்தானா? கஸ்தூரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விரல் திரையின்மேல் நின்றது. இந்தப் பக்கம் இழுத்தால் அழைப்பு அறுந்துவிடும், அந்தப் பக்கம் இழுத்தால் முதலாளி குரல் வரும்.